புதுவைத் திண்ணையில் ஒரு மணி நேரம்

புதுவை நகருக்குச் செல்வோர் பலர். கடலைக் காணச் செல்வோர் உண்டு; பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற மாளிகைகளைக் காணச் செல்வோர் உண்டு; அங்குள்ள பழம்பெரும் ஆலயங்களில் மண்டியிட்டு மன்றாடச் செல்வோரும் உண்டு. சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில் பத்து நாட்கள் அந்நகரில் தங்கிய நான், இவற்றையெல்லாம் கண்டது ஒரு மூடிய கதவினால். அக்கதவு காலை எட்டு மணிக்கு முன் எனக்குத் திறக்கவில்லை. அதனால் கிடைத்த ஒரு மணி நேரத்தில், மூன்று வயதுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீதிவீதியாக நடந்தேன். நடந்து அறிந்ததை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

விழுப்புரத்திலிருந்து பயணிகள் வண்டியில் புதுவை சேர்ந்தேன். 1879-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இருப்புப்பாதை அது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வ. சுப்பையா சாலை. பழைய புதுவையர் அதனைத் தெற்கு புல்வார் என்பர். சற்றுத் தொலைவில் இயேசுவின் திரு இருதய ஆலயத்தின் கோபுரங்கள் சிவப்பும் வெண்மையுமாக எழுந்து நிற்கின்றன. 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற ஆலயம் அது. வாயிலில் நின்று ஒரு சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு மகள் வீட்டிற்கு நடந்தேன்.

என் மகள் அந்நகரில் சிறியதொரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். மருமகனுக்கு வெளிமாநிலத்தில் வேலை. ஒரு வாரம் காலை ஏழரை மணிக்கும் மறுவாரம் ஒன்பது மணிக்கும் அவளுக்குப் பணி தொடங்கும். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஓர் அம்மையார். தம் வீட்டிலேயே ஆறு குழந்தைகளை வைத்துப் பராமரிக்கிறார். குழந்தைகள் அவரை ஆயா என்றழைக்கின்றன. நம் பக்கத்தில் பாட்டியை அழைக்கும் முறைதான் அது. தாய்மார்களுக்கு அவர் அக்கா.

மூடிய கதவு

பெரிய வாய்க்கால் புதுவை நகரை இரண்டாக வகுக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் வரையில், பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. கிழக்கே உயர்ந்த மதில்களும் பெரிய வாயில்களும் வீட்டை வீதியிலிருந்து மறைக்கின்றன. மேற்கே வீடு வீதியை நோக்கி வருகிறது. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுக் கூரையின் கீழ் தாழ்வாரம், அதனையொட்டித் திண்ணை, அதன்பின் கதவு. வைசியாள் வீதி போன்ற சில வீதிகளில் இவ்வமைப்பைப் பழுது பார்த்துப் போற்றி வைத்திருக்கின்றனர். ஏனைய வீதிகளில் இடிந்தவை போக எஞ்சியவை நிற்கின்றன. அம்மையாரின் வீடு அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்று.

முதல் நாள் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்திற்கு அவ்வீட்டின் முன் நின்றோம். “தட்டுங்க அப்பா, வந்து வாங்கிக்குவாங்க” என்று சொல்லிவிட்டு என் மகள் வண்டியில் விரைந்தாள். தட்டினேன். பதில் இல்லை. மீண்டும் தட்டினேன். கதவு பாதி திறந்தது. ஈரக் கைகளை முந்தானையில் துடைத்தபடி அம்மையார் நின்றார்.

“ஐயா, குழந்தையோட நீங்க இருக்கீங்களே. எட்டு மணிக்குக் கூட்டி வாங்க. தப்பா நினைக்காதீங்க.”

கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான், எனினும் சாத்தப்பட்டது. கதவின் பக்கத்தில் அட்டை ஒன்று தொங்கியது. ‘காலை 8 முதல் மாலை 6 வரை’ என்று அதில் எழுதியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

உள்ளதை ஒளிக்காமல் கூறுகிறேன். எனக்குச் சினம் பொங்கியது. நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன். பெற்றோர் என் வீட்டு வாசலில் காத்து நின்றதுண்டு, நான் எவர் வாசலிலும் நின்றதில்லை. மாதந்தோறும் பணம் பெறுபவர் ஐம்பத்தைந்து நிமிடம் முன்னதாகக் குழந்தையை ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? இவ்வாறு எண்ணியபடியே குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலை நோக்கி நடந்தேன்.

வீதிக்கும் ஒரு நேரம்

கடற்கரைச் சாலை அக்காலை வேளையில் அமைதியாக இருந்தது. முதியோர் நடந்தனர், இளைஞர் ஓடினர், காந்தியடிகள் சிலையின் கீழ்ப் பிள்ளைகள் விளையாடினர். 1836-ஆம் ஆண்டிலிருந்து கப்பல்களுக்கு ஒளிகாட்டிய பழைய கலங்கரை விளக்கம், தன் பணி ஓய்ந்த பெருமிதத்தோடு நின்றது. அச்சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வாகனங்கள் செல்லலாகாது. குறுக்கே தடுப்புக் கட்டைகளை வைத்துவிடுவர். அவ்வேளையில் அச்சாலை நடப்பவர்க்கே உரியது.

தடுப்புக் கட்டையின் அருகே ஒருவர் வண்டியை நிறுத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு நின்றார். அப்போது மணி ஏழு இருபத்தைந்து. அவர் எவரோடும் சண்டையிடவில்லை. ஐந்து நிமிடத்தில் என்ன குறைந்துவிடும் என்று எவரையும் கேட்கவில்லை. நேரம் வந்தது, கட்டை விலகியது, அவர் சென்றார்.

என் பேத்தி அலையைக் கண்டு கைகொட்டிக்கொண்டிருந்தாள். என் உள்ளத்திலோ ஒரு கேள்வி முளைத்தது. கல்லும் தாருமான சாலைக்கு விதித்த நேரத்தை மதித்து நிற்கிறோம். ஒரு பெண் தன் வீட்டுக் கதவில் எழுதி மாட்டிய நேரத்தைக் கண்டால் மட்டும் ஏன் நமக்குச் சினம் வருகிறது?

அன்று மாலை நடந்ததை மகளிடம் கூறினேன். அவள் வியப்படைந்தாள். “நாலு மாசமா ஏழு மணிக்குத்தான்பா விடறேன். அக்கா ஒரு நாள் கூட ஒண்ணும் சொன்னதில்லையே!” ஒன்பது மணிப் பணி உள்ள வாரங்களிலும் ஏழு மணிக்கே விடுவாயா என்று வினவினேன். அவள் தலை குனிந்தாள். “அந்த வாரத்துலதான் வீட்டு வேலையெல்லாம் முடிக்க முடியுது. கடைக்குப் போக முடியுது. பழகிப் போச்சு அப்பா.”

தாயின் களைப்பை நான் அறிவேன். அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. எனினும், பழக்கம் என்ற அச்சொல் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

எட்டு மணி நேரம் பெற்ற ஊர்

மறுநாள் கதவைத் தட்டவில்லை. பேத்தியோடு சுப்பையா சாலைக்கு நடந்தேன். அச்சாலை எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அவரைப் பற்றி இளைய தலைமுறையினர் அறியவேண்டும். வ. சுப்பையா அவர்கள் புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளரின் தலைவர். பிரெஞ்சிந்திய விடுதலைப் போராட்டத்திலும் முன்னணியில் நின்றவர்.

அக்காலத்தில் புதுவை ஆலை நகராக விளங்கியது. சவானா ஆலை, கெப்ளே ஆலை, ரோடியர் ஆலை என மூன்று பஞ்சாலைகள். ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் விடியுமுன் ஆலைக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியே வந்த நாட்கள் அவை. வேலை நேரத்திற்கு ஒரு வரம்பு வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்று தொழிலாளர் போராடினர். 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் பிரெஞ்சுக் காவற்படையினர் சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். அதன்பின், 1937 ஏப்ரல் 6-இல் வெளியான ஆணை எட்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்தது. ஆசியாவிலேயே இவ்வுரிமையை முதலில் பெற்ற ஊர் எங்கள் ஊர் என்று புதுவையர் பெருமையுடன் கூறுவர். ஜூலை 30 இன்றும் அங்கே தியாகிகள் நாள்.

பசிலிக்காவின் படியில் பேத்தியை அமர்த்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாயில் ஊட்டியபடியே மனத்துள் கணக்கிட்டேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பத்து மணி நேரம். காலை ஏழு மணிக்கே குழந்தையை விட்டால் பதினொரு மணி நேரம். பன்னிரண்டு உயிர்களை ஈந்து எட்டு மணி நேரம் பெற்ற நகரில், ஆறு குழந்தைகளைச் சுமக்கும் ஒரு பெண் பதினொரு மணி நேரம் உழைக்கிறார். பதினோராவது மணி நேரத்தை அவரிடம் எவரும் கேட்டுப் பெறவில்லை. என் மகள் எடுத்துக்கொண்டாள். நானும் எடுத்துக்கொள்ளத் தட்டினேன்.

எட்டு மணிக்குச் சென்றபோது கதவு அகலத் திறந்திருந்தது. கூடம் பெருக்கித் துடைத்து, பாய் விரித்து, வெந்நீரும் கஞ்சியும் தயாராக இருந்தன. “வாங்க ஐயா” என்று அவர் முகமலர்ச்சியோடு வரவேற்றார். முதல் நாள் கதவைச் சாத்தியவரும் இவர்தாமா என்று வியந்தேன்.

குடிலும் கிரெஷும்

மூன்றாம் நாள் மிஷன் வீதியில் உள்ள அமல அன்னை பேராலயத்திற்குச் சென்றோம். 1791-இல் நிறைவு பெற்ற இன்றைய கட்டடத்தை மக்கள் சம்பா கோவில் என்கின்றனர். புனித பவுலின் பெயரைத் தாங்கிய பழைய ஆலயத்தின் நினைவே மக்கள் நாவில் சம்பா ஆயிற்று என்பர். கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியிருந்தமையால் பங்கு இளைஞர் குடில் அமைத்துக்கொண்டிருந்தனர். வைக்கோலைக் கண்டதும் என் பேத்தி, “தாத்தா, பாப்பா எங்கே?” என்றாள். தீவனத் தொட்டி அப்போது வெறுமையாக இருந்தது. “இன்னும் நேரம் வரலை, கண்ணு” என்றேன். சொன்ன பின்பே அச்சொல்லின் பொருள் எனக்கு உறைத்தது.

பிரெஞ்சு மொழியில் இக்குடிலுக்கும் தீவனத் தொட்டிக்கும் கிரெஷ் என்று பெயர். வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தையை விட்டுச் செல்லும் இடத்தையும் கிரெஷ் என்கிறோம். இரண்டும் ஒரே சொல். 1844-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாரிஸ் நகரின் ஷையோ பகுதியில், ஃபிர்மேன் மார்போ என்பவர் ஏழை உழைப்பாளித் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். பெத்லகேம் குழந்தை கிடந்த தொட்டியை நினைவூட்டும் வகையில் அதற்குக் கிரெஷ் என்ற பெயர் அமைந்தது. சத்திரத்தில் இடமில்லாத குடும்பத்திற்குக் கிடைத்த இடமன்றோ அத்தொட்டி!

அன்று தொடங்கிய பணி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1976-இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் தில்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கூலித் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரெஷஸ் என்னும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. 1975-இல் அங்கன்வாடிகள் வந்தன. 2017-இல் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் எனவும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாம் எனவும் விதித்தனர்.

என் மகளின் மருத்துவமனையில் ஐம்பது பேர் இல்லை. கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் பணிபுரியும் தாய்மாரின் நிலையும் அதுவே. அவர்களுக்கெல்லாம் துணை, இவ்வம்மையாரைப் போன்று தம் வீட்டுக் கூடத்தையே கிரெஷ் ஆக்கிய பெண்கள்தாம். பிரான்சில் இவ்வாறு வீட்டில் குழந்தை பார்க்கும் பெண்களுக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் என்ற தகுதியை அளித்தது. குழந்தை வரும் நேரமும் போகும் நேரமும் அங்கே ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. நம்மிடையே இருப்பதோ கதவில் தொங்கும் ஓர் அட்டை.

திண்ணையில் கேட்டது

நான்காம் நாள் எங்கும் செல்லவில்லை. ஏழரை மணிக்கே சென்று அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். திண்ணையின் அருமையை அன்றுதான் உணர்ந்தேன். நேரமல்லாத நேரத்தில் வருகிறவருக்காகவே நம் முன்னோர் அதனைக் கட்டினர். வழிப்போக்கர் அதில் இளைப்பாறலாம், மழைக்கு ஒதுங்கலாம், வீட்டார் எழும் வரை காத்திருக்கலாம். வந்தவர் வெயிலிலும் நிற்கவேண்டியதில்லை. வீட்டாரும் அவசரமாகக் கதவைத் திறக்கவேண்டியதில்லை.

சற்று நேரத்தில் கதவு திறந்து, ஊன்றுகோலுடன் முதியவர் ஒருவர் வந்து எதிர்த் திண்ணையில் அமர்ந்தார். அம்மையாரின் கணவர். வலக்காலில் வெள்ளைத் துணிக் கட்டு. ரோடியர் ஆலையில் நெசவுப் பிரிவில் பணிபுரிந்தவர். 1898-இல் தொடங்கி ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை என்று பெயர் பெற்ற அவ்வாலை, 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் பெருஞ்சேதம் அடைந்து, நலிந்து, 2020-இல் மூடப்பட்டது.

“சங்கு ஊதினா நாங்க கிளம்புவோம். ஊரே அந்தச் சங்கை வச்சுத்தான் சோறு ஆக்கும்” என்றார் அவர். “அப்போ எங்க நேரத்துக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. இப்போ இவ நேரத்துக்குக் கணக்கே இல்லை.”

அம்மையாரும் வந்து நிலைப்படியில் நின்றார். காலை வேளையில் தாம் செய்வனவற்றை ஒவ்வொன்றாகக் கூறினார். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கவேண்டும். கணவருக்கு நீரிழிவு; காலில் ஆறாத புண். ஆறரைக்கு மேல் புண்ணைக் கழுவி மருந்திட்டுக் கட்டவேண்டும். பின்பு இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் காலந்தாழ்த்தாது உணவு தரவேண்டும். இல்லையேல் மயக்கம் வந்துவிடும். புண் கழுவிய தண்ணீரையும் பஞ்சையும் அப்புறப்படுத்தி, கூடத்தை மருந்துநீர் விட்டுத் துடைத்து, ஊசியை உயரத்தில் வைத்து, கொதிக்கும் பானையை இறக்கி, பின்கட்டுக் கதவைத் தாழிட்ட பிறகே குழந்தைகளை உள்ளே விடலாம்.

“எட்டு மணிக்குத்தான் ஐயா இது பிள்ளைங்க வீடு. அதுவரைக்கும் இது நோயாளி வீடு” என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் அவர் கூறினார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் தந்தை வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தார். கதவு திறக்கத் தாமதமாயிற்று. உள்ளே பாத்திர ஓசை கேட்டமையால் ஆள் இருப்பதாக எண்ணி, குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்து, “அக்கா, பிள்ளையை விட்டுட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார். குரல் உள்ளே கேட்கவில்லை. அம்மையார் அப்போது புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை இறங்கித் தெருமுனைவரை நடந்துவிட்டது. பூக்கூடையுடன் வந்த பெண்ணொருத்தி, வண்டிகளுக்கு நடுவே நின்று அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

“கீறல் கூட இல்லை. மாதா காப்பாத்தினா. ஆனா அந்தப் பத்து நிமிஷம் அந்தப் பிள்ளை யார் கையிலயும் இல்லை. அப்பா கையிலயும் இல்லை, என் கையிலயும் இல்லை. அதை நினைச்சா இன்னும் தூக்கம் வராது.”

அன்று முதல், ஏழு மணிக்கு எவர் தட்டினாலும் புண்ணைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் திறக்கத் தொடங்கினார். அதனைக் கண்ட பெற்றோர், ஏழு மணிக்கு வரலாம் போலும் என்று எண்ணிக்கொண்டனர். ஒருவரைப் பார்த்து மற்றொருவர் வந்தனர். அட்டையில் எட்டு என்று எழுதியிருக்க, வழக்கத்தில் அது ஏழு ஆயிற்று.

“சொல்லியிருக்கலாமே அம்மா?” என்றேன்.

“எப்படி ஐயா சொல்றது? சொன்னா வேற வீட்டுக்குப் போயிடுவாங்க. ஒரு பிள்ளை நின்னுட்டா இவர் மருந்துக்குப் பணம் இல்லை. அதுவும் இல்லாம, வேலைக்கு நேரமாச்சேன்னு வந்து நிக்கிற பொண்ணுங்க முகத்தைப் பார்த்தா கதவைச் சாத்த மனசு வரலை. அன்னிக்கு நீங்க கூட இருந்தீங்க. பிள்ளை தெருவில நிக்காதுன்னு தைரியம் வந்துச்சு. அதான் சொல்லிட்டேன்.”

என்னிடம் கதவைச் சாத்தியவர், தம் வாழ்நாளில் அரிதாகக் கிடைத்த ஒரு தைரியத்தில் சாத்தியிருக்கிறார். அதைத்தான் நான் செருக்கு என்று எண்ணினேன்.

கேட்டுப் பெற்ற நேரம்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மகளும் நானும் அவ்வீட்டிற்குச் சென்றோம். மகள் தன் பணிநேரப் பட்டியலைக் கையில் கொண்டுவந்திருந்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, காலை ஏழரை மணிப் பணி உள்ள நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டி, “இந்த நாள்ல மட்டும் ஆறே முக்காலுக்குக் குழந்தையை வச்சுக்க முடியுமா அக்கா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. நான் வேற ஏற்பாடு பார்க்கிறேன்” என்றாள்.

அம்மையார் பட்டியலை நெடுநேரம் பார்த்தார். கணவரையும் பார்த்தார். பிறகு கூறினார்: “முன்னாடியே தெரிஞ்சா நான் நாலு மணிக்கு எழுந்துக்குவேன். இவருக்கும் சீக்கிரமே கட்டு மாத்திடுவேன். தெரியாம வந்து தட்டினாத்தான் கஷ்டம்.”

இருவருமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டனர். பணிநேரப் பட்டியல் சனிக்கிழமை மாலைக்குள் அவரிடம் வரவேண்டும். குறித்த நாட்களில் ஆறே முக்கால். அதற்குத் தனிக் கட்டணம். மற்ற நாட்களில் எட்டு மணிக்கு முன் தட்டுவதில்லை. திடீரென அவசரம் நேர்ந்தால் முதல் நாள் இரவே தொலைபேசியில் கேட்பது. கேட்டபின் அவர் மறுத்தாலும் வருந்துவதில்லை. இவற்றோடு அம்மையார் தம் பங்கிற்கு ஒன்று சேர்க்கச் சொன்னார்: குழந்தையைத் திண்ணையில் விடலாகாது, கையிலிருந்து கைக்குத்தான் தரவேண்டும்.

கட்டணத் தொகையைப் பற்றிப் பேசியபோது அவர் கூச்சப்பட்டார். “பணம் கிடக்கட்டும் அம்மா, கேட்டியே, அது போதும்” என்றார். போதாது என்று என் மகள் வற்புறுத்தி எழுதவைத்தாள். அது சரியே. நன்றி கூறுவதால் மட்டும் மருந்து வாங்க இயலாது.

மற்ற ஐந்து குழந்தைகளின் பெற்றோரிடமும் அவ்வாறே பேசிவிடுங்கள் என்றேன். இரண்டே நாட்களில் பேசிவிட்டார். ஒருவர் மட்டும் முகம் சுளித்தாராம். ஏனையோர், “எட்டு மணின்னு நீங்க கண்டிப்பா சொன்னதே இல்லையே அக்கா” என்றனராம். என் மகள் கூறிய அதே சொல்! வாய் திறந்து சொல்லாதவரின் துன்பம் நம் காதில் விழுவதில்லை. நாமும் கேட்கவேண்டும் என்று நினைப்பதில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் குழந்தையையும் ஏதேனும் ஒரு வீட்டில் எவரேனும் பார்த்துக்கொள்ளக்கூடும். அவ்வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். ஒன்றுமே இல்லாவிடினும், தலைவாரிக்கொண்டு அமைதியாக ஒரு காப்பி அருந்த அவருக்கும் ஆசை இருக்கலாம். முன்னதாகச் செல்லவேண்டிய கட்டாயம் நமக்கு நேரிடும். அவ்வேளையில் வாய் திறந்து கேட்போம். உரிய பணத்தைத் தருவோம். அவர் இயலாது என்றால் ஏற்றுக்கொள்வோம். குழந்தை பார்க்கும் சகோதரிகளே, நீங்களும் மனத்துக்குள் வைத்துப் புழுங்காது முதல் நாளிலேயே உங்கள் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். ஓடிவந்து திறக்கும் கதவால் ஒரு நாள் குழந்தைக்கே ஆபத்து நேரக்கூடும்.

பத்தாம் நாள் காலை, ஊர் திரும்புமுன், பேத்தியோடு மீண்டும் அத்திண்ணைக்குச் சென்றேன். மகளுக்கு அது ஒன்பது மணிப் பணி வாரம். நாங்கள் ஏழே முக்காலுக்கே வந்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்த குழந்தையொன்றின் தந்தை விரைந்து வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினார். என் பேத்தி திண்ணையிலிருந்து எழாமலே அவரிடம் கூறினாள்:

“ஆயா தாத்தாவுக்கு மருந்து போடறாங்க. இப்படி உக்காருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சற்று நகர்ந்து இடம் கொடுத்தேன். மூவரும் அமர்ந்திருந்தோம். வீதியில் பால்காரர் சென்றார், பூக்காரி சென்றாள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் சென்றனர். உள்ளே தாழ் விலகும் ஓசை கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டு.